மீயத்து ஆளுக்கு ஒரு துரும்பு

"அண்ணன டைவர்ஸ் பண்ணணுமா?" என்று கேட்டாள் திவ்யா.

தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரு மேசையும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்ட அறைதான் அவளுடைய வக்கீல் அலுவலகம். எதிரே ஸ்ரீலட்சுமி உட்கார்ந்திருந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. முன்பு இருவரும் ஒரே பெண்கள் விடுதியில் ஒரே அறையில் தங்கியவர்கள். அந்தப் பழக்கத்தில், வயதில் மூத்த ஸ்ரீலட்சுமியைத் திவ்யா இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"கூடப் பொறந்த அண்ணன் இல்லடி. நானா வாய் தவறிக் கூப்பிட்ட அண்ணன்."

"அப்பிடிப் பாத்தா மதுர பூரா எனக்கு அண்ணன்தான்க்கா. சிம்மக்கல்லுல வெங்காயம் வாங்குனா ஒரு அண்ணன். அந்த மூட்டைய ஆட்டோவுல ஏத்துறதுக்கு இன்னொரு அண்ணன். எல்லாரையும் தீத்துவிடணும்னா இருக்கிற கோர்ட்டு பத்தாது."

ஸ்ரீலட்சுமி சிரிக்கவில்லை. "அவர் சாகப்போறாரு, திவ்யா. நான் அந்தச் சொல்லத் திருப்பி எடுக்கலைன்னா இந்த வாரம் தாண்டாது."

திவ்யா பேனாவைக் கீழே வைத்தாள். "ஒழுங்கா முதல்ல இருந்து சொல்லுங்க."

அவள் முதலிலிருந்து சொன்னாள். இதயத்திலிருந்து தொடங்கினாள்.

நம் இதயம் யாருடைய உதவியும் இல்லாமல் துடிக்கும். அதன் மேல் அறைச் சுவரில் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு திசு இருக்கிறது. அது விட்டுவிட்டு மின்பொறி ஒன்றை எழுப்பும். பொறி பரவும்போது தசை சுருங்கும், இரத்தம் ஓடும். மூளையிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டாலும் அந்தத் திசு தன் வேலையை நிறுத்தாது. இன்னொருவருக்கு எடுத்துப் பொருத்திய இதயமும் துடிப்பது இதனால்தான்.

மீயம் என்கிற உலகத்தில் பிறந்தவர்களுக்கு அந்தத் திசு கிடையாது. தசை நம்முடையதைவிட வலுவானது. ஆனால் அதைத் தொடக்கிவைக்க உள்ளே எதுவும் இல்லை. தாளம் வெளியிலிருந்து வரவேண்டும். இடது காதுக்குக் கீழே, கழுத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கணு அவர்களுக்கு உண்டு. உறவுக்காரர் ஒருவரின் துடிப்பை வாங்கி இதயத்துக்கு அனுப்புவது அந்தக் கணுவின் வேலை.

யார் உறவுக்காரர் என்று கணுவுக்கு எப்படித் தெரியும்? மீயத்துக் குழந்தைகள் வெந்நீர்க் குளங்களில், முட்டைக் கூட்டத்திலிருந்து வெளிவருகிறவர்கள். தாய் யார், தகப்பன் யார் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே அங்கே உறவு என்பது கூப்பிடுவதால் உண்டாவது. ஒருவர் உன்னை ஓர் உறவுச்சொல்லால் கூப்பிட்டு, அந்தச் சொல் உனக்குப் புரிந்துவிட்டால், கணு அந்த உறவை எழுதிக்கொள்கிறது. அது எடுத்துக்கொள்வது ஓசையை அல்ல, அர்த்தத்தை. அதனால் எந்த மொழியாக இருந்தாலும் சரிதான். ஓர் உறவு விழுந்ததும் கணு மூடிக்கொள்ளும். அடுத்த உறவுக்காக மறுபடி திறக்க வெகு காலம் ஆகும்.

அப்படிப்பட்ட ஒருவன் மீயத்தில் ஒரு குளத்தில் மூழ்கி, சிம்மக்கல் பக்கம் வைகை மணலில் எழுந்தான். அது எப்படி நடந்தது என்பதை மட்டும் ஸ்ரீலட்சுமியால் விளக்க முடியவில்லை. அவனாலும் முடியவில்லை. வரும் வழியில் அவன் பழைய உறவுகள் எல்லாம் கழுவிப்போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் அவனை ஒரு கட்டிலில் போட்டார்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை. மீயத்தில் பெயர் என்று எதுவும் இல்லை. முன்பு அந்தக் கட்டிலில் இருந்தவரின் அட்டையை யாரும் கழற்றாததால் அவன் முத்துக்குமரன் ஆனான். கண்ணை மூடியபடியே கிடந்து, வார்டில் பேசுகிற தமிழைக் கேட்டுக் கேட்டுப் பழகினான். செல்லத்தாய் என்ற நர்ஸ் ஒரு நாள் ஸ்ரீலட்சுமிக்குப் போன் செய்தாள்.

"மேடம், இந்த மிஷினு பக்கத்துக் கட்டில் பெரியவரக் காட்டுது. அவரு இருமுனா இவருக்குத் துள்ளுது. வந்து என்னன்னு பாருங்க."

ஸ்ரீலட்சுமி வயரை மாற்றினாள். ஒட்டுகளை மாற்றினாள். மானிட்டரைத் தன் மேலேயே மாட்டிப் பார்த்தாள்; ஒரு குறையும் இல்லை. திரும்ப அவனுக்கு மாட்டும்போது, மதுரையில் யாரும் யோசிக்காமல் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"அண்ணே, கையக் கொஞ்சம் தூக்குங்க."

அவன் கண்ணைத் திறந்தான். அதுவரை உறவே இல்லாமல், பக்கத்துக் கட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்து ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு, ஒரு நொடி படுத்து, நிமிர்ந்து, ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம் காட்டிய நாடித்துடிப்பும் மானிட்டர் காட்டியதும் ஒன்றாக இருந்தன. அவள் மாடிப்படியில் ஓடி ஏறி இறங்கி வந்து பார்த்தாள். படுத்திருந்தவனுடைய துடிப்பும் கூடியிருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"தங்கச்சி," என்றான். அவன் தமிழில் பேசிய முதல் சொல் அது.

"அப்புறம்?" என்றாள் திவ்யா.

அப்புறம் அவனை ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் குடிவைத்தாள். அண்ணன், தங்கச்சி என்றதும் வீட்டுக்கார லலிதாம்பாள் மறுகேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்தார். தங்கை உறவு எட்டும் தூரம் ஒரு கட்டடத்தின் நீளம்தான். அதனால் அவள் வேலைக்குப் போகும்போது அவனும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, கருவி அறைக்குக் கீழே இருந்த கேன்டீனில் நாள் முழுக்க இருப்பான். குக்கர் ஏன் விசில் அடிக்கிறது, லிப்ட் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்பான். அவளுக்குச் சொல்லச் சொல்ல அலுக்காது. அவளிடம் இதையெல்லாம் கேட்டவர்கள் அதற்கு முன்பு கிடையாது.

அவன் மீயத்தைப் பற்றிச் சொல்வான். சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிற உலகம் அது. ஒரு பாதி வெந்து கிடக்கும். மறுபாதி உறைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை நிலத்தில்தான் ஊர்கள். அங்கே பொழுது சாய்வதும் இல்லை, விடிவதும் இல்லை. குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குத் தரையோடு காற்று வீசிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் வளையமாகத்தான் உட்காருவார்கள், வளையமாகத்தான் தூங்குவார்கள். ஒருவனுக்கு ஐந்தாறு அண்ணன் தங்கைகள் இருந்து, ஆளுக்குக் கொஞ்சம் சுமந்தால்தான் இதயம் ஓடும்.

இங்கே அவனுக்கு ஒரே ஒருத்தி. ஒற்றை நூலில் வாளியைக் கட்டி இறைப்பது மாதிரி. நூல் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் நகக்கண் நீலமானது. பிறகு உதடு. இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. அவள் பழைய வெளிப்புற பேஸ்மேக்கர் ஒன்றைக் கொண்டுவந்து முயன்று பார்த்தாள். அந்த மின்சாரத்தை அவன் தசை சட்டைசெய்யவே இல்லை.

"ஒரு வழிதான் இருக்கு. இணைன்னு ஒரு ஒறவு. புருஷன் பொண்டாட்டி மாதிரி. அது ஒண்ணே போதும், முழு இதயத்தையும் இழுக்கும். ஊர் விட்டு ஊர் போனாலும் அறுகாது."

"ஒங்களுக்கு அவரு மேல..."

"ஆமா."

"அவருக்கு?"

"அவருக்கும்தான். ஆனா நான் அந்த நெனப்போட பக்கத்துல போனாலே அவருக்குக் கழுத்து வெறச்சுப் போகுது, கொமட்டுது. ஒடம்பு என்னையத் தங்கச்சின்னு எழுதி வச்சிருக்கு. மனசு சொல்றத அது கேக்க மாட்டேங்குது. நேத்து என் கையப் புடிச்சாரு. புடிச்ச கையோட வாந்தி எடுத்தாரு. சிரிச்சுக்கிட்டே தொடச்சுக்கிட்டாரு, திவ்யா."

கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. திவ்யா பேனாவுக்கு மூடியைப் போட்டாள். அவளுடைய சொந்தக்காரர்கள் மதுரைக்கு மேற்கே, செல்லம்பட்டி பக்கம் விவசாயம் செய்கிறவர்கள்.

"கோர்ட்டுல இதுக்கு வழி இல்லக்கா," என்றாள் கடைசியில். "எங்க பக்கம் அந்தக் காலத்துல ஒண்ணு உண்டு. புருஷன் பொண்டாட்டி பிரியணும்னா, ஒரு வைக்கத் துரும்ப எடுத்து, ஆளுக முன்னாடி கையில குடுப்பாங்க. வாங்கிக்கிட்டா முடிஞ்சது. அப்புறம் அவ யாரோ, இவன் யாரோ. வக்கீலுக்கு வேலையே இல்ல. அண்ணன் தங்கச்சிக்கு எவனும் இதக் கேட்டதில்ல. ஆனா ஒறவு ஒறவுதானே. அவரு புரிஞ்சு வாங்குனா அவரு ஒடம்பு ஒத்துக்கிரும்ல?"

ஸ்ரீலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணு எடுத்துக்கொள்வது அர்த்தத்தை. புரிந்து ஏற்றுக்கொள்வதுதான் முக்கியம். கட்டுகிற வழி அதுவானால், அவிழ்க்கிற வழியும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அதிலும் ஓர் ஆபத்து இருந்தது. துரும்பை வாங்கியதும் கணு வெறுமையாகித் திறந்துவிடும். இதயத்துக்குத் தாளம் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். முன்பு மாதிரி பக்கத்திலிருப்பவரிடம் கிள்ளி எடுத்து ஓட, தேய்ந்துபோன அந்த இதயத்தால் இனி முடியாது; சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் அவன் காதில் விழுகிற முதல் உறவுச்சொல் எதுவோ அதுவே எழுதப்பட்டுவிடும். மதுரையில் அப்படி ஒரு மனிதனை எங்கே நிறுத்துவது? டீக்கடையில் அண்ணே என்பார்கள், பஸ்ஸில் தம்பி என்பார்கள், முட்டிக்கொண்டால் மாப்ள என்பார்கள்.

"எங்க சித்தப்பா வயலுக்குப் போவோம்," என்றாள் திவ்யா. "அறுப்பு முடிஞ்சு கெடக்கு. காக்கா கூட இருக்காது."

"சாட்சிக்கு நீ வரணும். ஆனா வாயத் தெறக்கக் கூடாது. ஒன் வாயில அண்ணே வந்துரும்."

"பூட்டிக்கிறேன்க்கா."

மறுநாள் காலை திவ்யாவின் காரில் போனார்கள். அன்றுதான் திவ்யா அவனை முதன்முதலாகப் பார்த்தாள். ஒல்லியாக, எந்த வயது என்று சொல்ல முடியாத முகத்தோடு, பின் சீட்டில் ஸ்ரீலட்சுமியின் தோளைத் தொடாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். நாகமலையைத் தாண்டியதும் அவன் பேசினான்.

"வேணாம், தங்கச்சி. இணைன்னா துடிப்பு ரெண்டு பக்கமும் போகும். எங்க ஊர்ல இணைக ஒரே நாள்லதான் சாவாங்க. என்னுது கெட்டுப்போன இதயம். அதோட ஒன்னுதக் கட்டுனா ரெண்டும் நின்னுரும்."

"எங்க இதயத்துக்குச் சொந்தப் பொறி இருக்குன்னு சொன்னேன்ல. அது ரெண்டையும் இழுக்கும்."

"இழுக்கலைன்னா?"

"அப்பப் பாத்துக்கலாம்."

"நீ எதையும் பாத்துக்கலாம்னு விடுற ஆளு இல்ல. லிப்ட்டுக்கே எத்தன கயிறுன்னு எண்ணுவ."

"லிப்ட்டு வேற," என்றாள் ஸ்ரீலட்சுமி. வேறு வழி இல்லை என்பது அவன் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

வண்டிப்பாதையில் காரை நிறுத்திவிட்டு வயலில் இறங்கினார்கள். நெல் அறுத்த தாள் காலைக் குத்தியது. அவனால் ஒரு வயல் அகலம்கூட நடக்க முடியவில்லை, வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஸ்ரீலட்சுமி அவன் விரலில் கையடக்க மானிட்டரை மாட்டித் திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்தாள். திவ்யா ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து நீட்டினாள்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை ஸ்ரீலட்சுமி முதல் நாளே முடிவு செய்திருந்தாள். அத்தான். அவளுக்குத் தெரிந்த சொற்களில் அதுதான் பொருத்தம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தும் இருந்தாள்.

"இதோட நீங்க எனக்கு அண்ணன் இல்ல. நான் ஒங்களுக்குத் தங்கச்சி இல்ல," என்று துரும்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு விரல்களை மூடிக்கொண்டான். அந்தக் கணத்தில் அவன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்தது. அவளைத் தெரியாதவன் மாதிரி பார்த்தான். திரையில் கோடு படுத்தது.

"அத்தான்," என்றாள் ஸ்ரீலட்சுமி.

கோடு எழவில்லை.

"அத்தான். அத்தான், என்னையப் பாருங்க."

அவன் உடம்பு பக்கவாட்டில் சரிந்தது. அவள் தாங்கிப் பிடித்தாள். கழுத்து விறைக்கவில்லை, குமட்டவில்லை. துரும்பு வேலை செய்திருந்தது. சொல்தான் வேலை செய்யவில்லை. ஏன் என்று அந்த நேரத்திலும் அவள் மூளை தேடியது; கண்டுபிடித்தும்விட்டது. அது அவள் வாய்க்குச் சொந்தமில்லாத சொல். அவள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சௌராஷ்டிரப் பேச்சு பேசுகிற அந்த வீட்டில் அவள் அம்மா அப்பாவை ஒரு சொல்லாலும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. அம்மா பக்கத்தில் போய் நிற்பாள், அவர் திரும்புவார், அவ்வளவுதான். அண்ணே என்பது ஆயிரம் பேரிடம் சொல்லித் தேய்ந்து, யோசனையில்லாமல் வரும் சொல். அதனால்தான் அன்றைக்கு உடனே விழுந்தது. அத்தான் அவள் ஒத்திகை பார்த்த சொல். அதில் அகராதி அர்த்தம் இருந்தது, சொல்கிற ஆள் இல்லை; கணுவுக்கு அது போதவில்லை.

"என்னங்க," என்றாள். "ஏங்க. இந்தாங்க." எதுவும் உறவுச்சொல் இல்லை. புருஷனைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெயரில்லாத கூப்பாடுகள்தான்.

அப்போது பாதையில் டிராக்டர் ஒன்று வந்து, குறுக்கே நின்ற காரைப் பார்த்து ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவர் எழுந்து நின்று ஏதோ கத்தினார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இன்ஜினை நிறுத்த அவர் கை சாவியை நோக்கிப் போனது. திவ்யா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். அவர் அவளுடைய சித்தப்பா பேயாண்டி. இன்ஜின் நின்றது. "யாரு திவ்யாவா? என்ன ஆச்சு, அந்தத் தம்..." என்று தொடங்கியவரின் வாயை அவள் இரண்டு கையாலும் பொத்தினாள். மனிதர் மிரண்டுபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வரப்பில் ஸ்ரீலட்சுமி அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்துகிறவள் வாயிலிருந்து, சொல்லாக இல்லாத ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. விடுதியில் அத்தனை வருஷம் கூட இருந்தும் திவ்யா கேட்டிராத சத்தம் அது. அவள் தாளில் கால் கிழிய ஓடிவந்து அவன் பக்கத்தில் விழுந்தாள்.

"மச்சான்," என்றாள். "மச்சான், எந்திரிங்க. அக்கா அழுகுது பாருங்க, மச்சான்."

சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது. கையால் தன் வாயை மூடிக்கொண்டாள்.

அக்காவின் புருஷனை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். திவ்யாவுக்குச் சொந்தத்தில் அக்காமார்கள் நிறைய. பேசத் தொடங்கிய வயதிலிருந்து அந்தச் சொல் அவள் வாயில் உண்டு. கணுவுக்குக் குரல் யாருடையது என்பது கணக்கில்லை. இந்தப் பெண்ணுடைய அக்காவின் இணை நீ என்றது அந்தச் சொல். அது புரிந்தது. அது விழுந்தது.

திரையில் கோடு ஒரு முறை எழுந்து படுத்தது. மறுபடி எழுந்தது.

அதே நேரத்தில் ஸ்ரீலட்சுமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வேகமாகப் போகிற சைக்கிளின் கேரியரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அவள் இதயம் தடுமாறி, ஒரு துடிப்பை விட்டு, அடுத்ததைத் தேடியது. கண் இருட்டியது. அவன் சொன்னது சரி: இரண்டு பக்கமும் போகிறது. அவனுடைய களைத்த தசை முழுவதும் இப்போது அவளுடைய நெல்மணித் திசுவில் தொங்கியது. அது பொறி விட்டது. கொஞ்ச நேரம் காத்து, இன்னொன்று விட்டது. அவள் எதையும் எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

"அக்கா, ஒங்க ஒதடும் நீலமா இருக்கு," என்றாள் திவ்யா.

"தெரியும்."

"தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லடி. நான் சொல்லவேண்டியத நீ சொல்லிட்ட." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "அவரு தேறுனா நானும் தேறுவேன். இல்லைன்னா இல்ல. இப்பத்திக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவனும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் உதட்டை அசைத்து, விட்டுவிட்டான். கையை மட்டும் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். அவன் கழுத்து இளகியே இருந்தது.

பேயாண்டி தூரத்திலிருந்தே, "தூக்கவா? டிராக்டர்ல போட்டுக் கொண்டு போவமா?" என்று கேட்டார். கணு மூடிக்கொண்டுவிட்டது; இப்போது அவர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஸ்ரீலட்சுமி வேண்டாம் என்று தலையசைத்தாள். குலுங்கினால் தாங்காது. இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்து எழுந்து நின்றார்கள். கார் நின்ற இடம் ஒரு வயல் தள்ளித்தான் இருந்தது. அவள் தன் பழக்கத்தில் வேகமாக ஒரு காலை எடுத்து வைத்தாள். உடனே மூச்சு முட்டியது, அவன் முழங்கால் மடங்கியது. நின்றாள். அவன் தயாராகும் வரை காத்திருந்தாள். அடுத்த அடியைச் சின்னதாக வைத்தாள். அதை இருவரும் தாங்கினார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திவ்யா கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி, அவர்கள் வருகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.